ஒரே மாதிரித் தழும்பு

எங்கள் பக்கத்தில் கிட்னி என்று பேச்செடுத்தால் அடுத்து வரும் கேள்வி விலையைப் பற்றித்தான் இருக்கும். உறுப்பு தானத்துக்காக ஒரு மலையேற்றம் போகலாம் என்று எங்கள் தெருப் பையன்கள் கிளம்பி, நோட்டீஸ் அடித்துக் குமாரபாளையம் கடைகளில் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அதை வாங்கிப் படித்த டீக்கடைக்காரர் கேட்டார்: "ஏந்தம்பி, இப்ப எத்தனை லட்சம் தர்றாங்களாமா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "தானம்னு போட்டிருக்குதுங்கண்ணா" என்று பையன் விரலை வைத்துக் காட்டினான். "அது அப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாலை ஆற்றப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்கவோ வாங்கவோ கூடாது. நெருங்கிய உறவு இல்லாத ஒருவர் கொடுக்க வேண்டுமென்றால், அன்பினாலும் பற்றினாலும் கொடுக்கிறேன் என்று எழுதி, அங்கீகாரக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். ஆகவே அந்தச் சட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் விற்கப்பட்ட ஒவ்வொரு சிறுநீரகமும் காகிதத்தில் தானமாகத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் பக்கத்து ஊரான பள்ளிபாளையம் செய்தியில் அடிபட்டது இதற்காகத்தான். விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் கூட்டிப்போய் சிறுநீரகத்தை எடுக்க வைத்தார்கள் என்று புகார். திருச்சியிலும் பெரம்பலூரிலும் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். இங்கே யாரும் அதிர்ந்து போகவில்லை. எந்த வீதியில் யார் யார் என்ற கணக்கு இங்கே பல காலமாக வாய்மொழியில் ஓடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு உறுப்பு தானம் செய்யுங்கள் என்று ஒருவன் எந்த முகத்தோடு கேட்பது? அந்தப் பையன்களோடு நானும் சேர்ந்துகொண்ட பிறகு என்னை விடாமல் குடைந்த கேள்வி இதுதான்.

பையன்களுக்கு யோசனை வந்தது ஒரு வீடியோவில். 2022 மார்ச்சில், உலகச் சிறுநீரக நாளை ஒட்டி, அமெரிக்காவிலிருந்து ஒரு குழு ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கிளிமஞ்சாரோ ஏறியது. ஏறியவர்கள் ஒரு சிறுநீரகத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு மீதி ஒன்றோடு வாழ்கிறவர்கள். உயரம் 5,895 மீட்டர். ஒன்று போனாலும் உடம்பு தாங்கும், மலையே ஏறலாம் என்று காட்டத்தான் ஏறினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தது வேறு ஒரு மருத்துவ ஆய்வு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதி, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்றுச் சராசரியாக ஆறு வருடம் கழிந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடம்பு முன்னைப்போல் இல்லை என்றார்கள்.

எடுத்தது அதே உறுப்பு, அறுவையும் ஏறக்குறைய அதே அறுவை. அவர்கள் கிளிமஞ்சாரோ ஏறுகிறார்கள், இவர்களுக்குக் குடத்தைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கொடுத்தவர் ஆபரேஷனுக்கு முன் எல்லாப் பரிசோதனையும் செய்துகொள்கிறார், பிறகு வருடா வருடம் ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்கிறார், டாக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறார். விற்றவரால் சொல்ல முடியாது. சட்டத்தின் முன் அவரும் குற்றவாளி. 2011 திருத்தத்துக்குப் பிறகு உறுப்பு வியாபாரத்துக்குத் தண்டனை ஐந்து முதல் பத்து வருடம், அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை. எடுத்துக்கொண்டவரோ தரகரோ மாட்டாமல் போனாலும், தழும்பு இவர் உடம்பில்தான் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போனால்கூட டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிடுவாரோ என்று பயம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றாக வேண்டும், பாவு சுற்றிய பீமைத் தூக்கி ஏற்ற வேண்டும். அந்த உடம்பை வருடத்துக்கு ஒருமுறை யார் பரிசோதித்துப் பார்ப்பது?

நான் தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். கடன் எப்படி ஊறுகிறது என்று தினமும் பேரேட்டில் பார்க்கிறேன். வேலைக்குச் சேரும்போது பட்டறைக்காரர் ஒரு தொகை கொடுப்பார். இங்கே அதற்குப் பாக்கி என்று பெயர். வாரக் கூலியில் அதைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் வேலையை விட்டுப் போவதென்றால் மொத்தத்தையும் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். வேறு பட்டறைக்குப் போகிறவன் அங்கே வாங்கி இங்கே கட்டுவான், தொகை இன்னும் ஏறும். குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் 1999இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே பாக்கி இருக்கிறது. தொழிலாளி கேட்டு வாங்குகிறான், பேரம் பேசுகிறான், சில சமயம் ஏமாற்றிவிட்டு ஓடியும் போகிறான். வெறும் அடிமைக் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் மகளுக்குக் கல்யாணம், குழுக் கடனுக்கு வாரத் தவணை, தறி நின்ற மாதத்தில் மீட்டர் வட்டி என்று எல்லாம் ஒன்றாகக் கூடும் நாள் ஒன்று வரும். தரகர் வாசலுக்கு வருவது அந்த நாளில்தான்.

"அவன் உடம்பு, அவன் விக்கிறான், உங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். ஈரானில் சட்டப்படியே பணம் கொடுத்து வாங்கலாம் என்று உதாரணமும் காட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அந்த 305 பேரைத்தான். கடனுக்காக விற்று, கடனும் தீராமல், கூலியும் குறைந்து போகிற ஒரு பேரத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் லாபம் என்று எழுத மாட்டான். அந்த 305 பேரிலேயே நூற்றுக்கு 79 பேர், எங்களைப் போல விற்காதீர்கள் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வோம் என்றார்கள்.

மலையேற்றத்துக்குச் சங்ககிரிக் கோட்டைக்குத்தான் போனோம். கிளிமஞ்சாரோ இல்லை, ஆனாலும் வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறை காலைச் சுட்டுவிடும். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்பதால் ஆடி மாதத்தில் மாலையும் மைக்குமாக நிறையக் கூட்டம் வரும். மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர்களும் காதலர்களும்தான். பையன்கள் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பின்னால் மெதுவாக ஏறியவர்களில் ஒரு அக்கா இருந்தார். எங்கள் பட்டறைக்கு அடுத்த பட்டறையில் தார் போடுகிறவர், அதாவது தறிக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிறவர். தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவர் என்று எனக்கு ஏற்கனவே தெரியும். ஆனால் அவரோடு உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். நடுவழியில் கோட்டை வாசல் நிழலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"குடுத்ததுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அவன் நல்லா இருக்கறான், லாரி ஓட்டறான். ஆசுபத்திரியில இருந்து வந்த ரெண்டு மாசம்தான் கொடுமை. குழாயடிக்குப் போனா, எத்தனைக்குக் குடுத்தேன்னு கேக்கறாங்க. தம்பிக்குடீன்னு சொன்னா நம்பறதில்ல. புதுசா ஒரு டிவி வாங்குனோம், அதையும் அந்தக் கணக்குல எழுதிட்டாங்க."

சேலையை ஒதுக்கித் தழும்பைக் காட்டவும் செய்தார், சங்கடமே இல்லாமல். ஒரு சாண் நீளம் இருக்கும். விற்றவர்களுக்கும் அதே இடத்தில் அதே மாதிரிதான் இருக்கும். பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

ரிச்சர்டு டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1970இல் ரத்த தானம் பற்றி ஒரு நூல் எழுதினார். ரத்தத்துக்கு விலை வைத்தால், சும்மா கொடுக்க வருகிறவர்களின் மனசும் வற்றிப்போகும் என்பது அவர் வாதம். அதைப் பல பேர் மறுத்திருக்கிறார்கள், பொருளாதாரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்த அக்காவைக் கேட்டால் சண்டையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

தம்பியின் பழைய சிறுநீரகங்களை எடுத்துவிட்டுத்தான் அக்காவுடையதை வைத்தார்களா என்று ஒரு பையன் கேட்டான். பெரும்பாலும் எடுப்பதில்லை. பழையவை இரண்டும் அங்கேயே சுருங்கிக் கிடக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு தைத்து, சிறுநீர்க் குழாயைப் பையில் இணைத்துவிடுவார்கள். பாவு தீர்ந்ததும் பழைய இழை நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்போமே, அதே பொறுமைதான் என்று அவனுக்குச் சொன்னேன். இங்கே அறுந்தால் துணியில் பழுது விழும், அங்கே உயிரே போகும். தைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டால் வெளிறிக் கிடந்த உறுப்பு சிவக்குமாம். பல சமயம் மேஜையிலேயே சிறுநீர் சொட்ட ஆரம்பித்துவிடுமாம்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு அதிக தூரமில்லை. உடம்பில் பாதியை மனைவிக்குக் கொடுத்த சாமி அங்கே இருக்கிறார். பூமியில் நடப்பது தலைகீழ். இந்தியாவில் 1995 முதல் 2021 வரை கணக்கில் வந்த 36,640 மாற்று அறுவைகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945 மட்டும்தான். ஆனால் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் மனைவியும் தாயும் அக்காவும். சம்பாதிக்கிறவன் பிழைக்கட்டும் என்று குடும்பமே கூடி முடிவு செய்துவிடுகிறது. அங்கீகாரக் குழு பணத்தைத் தேடும், இந்த நெருக்குதலை எப்படித் தேடும்?

உயிரோடு இருக்கிறவர்களிடம் எடுக்க வேண்டிய தேவையைக் குறைக்க ஒரே வழி, இறந்தவர்களிடமிருந்து பெறுவது. இதில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது என்று சொல்வதில் பெருமை உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன், பதினைந்து வயதுப் பையன், மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸ் சாலையைத் திறந்துவிட, இதயம் பதினோரே நிமிடத்தில் சென்னை நகரைத் தாண்டி முகப்பேருக்குப் போய், ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வேகத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய சில மணி நேரம். பெற்றோர் இருவரும் டாக்டர்கள். திரையில் ஓடும் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்மில் மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நம் வீட்டில் நடந்தால் என்ன தெரியும்? பையன் படுத்திருப்பான். மெஷின் காற்று ஊத, நெஞ்சு ஏறி இறங்கும். உள்ளங்காலைத் தொட்டால் சூடு இருக்கும். நாலு டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். உறுப்பை எடுத்துப் பொருத்துகிறவர்கள் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள், மெஷினைக் கழற்றி, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறானா என்று பார்ப்பார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்வார்கள். அதற்குப் பிறகு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்பார். கால் சூடாக இருக்கும்போது கேட்கப்படுகிற கேள்வி அது.

மேடையில் பேசுகிறவர்கள் கர்ணனையும் சிபியையும் கண்ணப்பரையும் இழுத்து வருவார்கள். அவர்கள் எல்லாரும் தாங்களே முடிவு செய்து தாங்களே கொடுத்தவர்கள். மூளைச்சாவில் கொடுக்கிறவனுக்கு வாய் கிடையாது. கார்டில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாலும், நடைமுறையில் குடும்பம் சரி என்றால்தான் எடுப்பார்கள். ஆகவே பையன்கள் மலையடிவாரத்தில் விரித்து வைத்திருந்த உறுதிமொழிப் படிவங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அன்றிரவு வீட்டில் சொல்லியிருப்பார்கள்?

அந்த நேரத்தில் குடும்பம் ஊரில் கேட்ட எல்லாக் கதையையும் நினைக்கும். 2018இல் சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில், விபத்தில் அடிபட்ட கேரள இளைஞரின் உறுப்புகளை பில் கட்ட வழியில்லாத நிலையைச் சாக்கிட்டு எடுத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக அரசுக்குக் கடிதம் எழுதினார். அது போதும், பத்து வருடத்துக்குப் பேச. இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. 2023 செப்டம்பரில், உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். முதல் மரியாதை சின்னமனூரில் ஒரு வருவாய்த் துறை ஊழியருக்கு நடந்தது. 2023இல் 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024இல் 268 ஆனது. மரியாதையால்தான் கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கலெக்டர் வந்து மாலை வைத்த வாசலில் நின்று, எத்தனைக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. குழாயடிப் பேச்சுக்கு அரசு கண்டுபிடித்த மருந்து என்று இதைச் சொல்வேன். அந்த அக்கா போல உயிரோடு கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் மலையில் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோரால் செத்த பிறகு இதயமோ கல்லீரலோ கொடுக்கவே முடியாது. அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில், மெஷினில் இருக்கும்போது மூளை செத்திருக்க வேண்டும். நம் ஊரில் அது பெரும்பாலும் பைபாஸில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவன் கதை. வீட்டில் வயசாகிச் சாகிறவர்களால் கொடுக்க முடிவது பெரும்பாலும் கண்தான். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டிருந்தாலும், புரை ஆபரேஷன் செய்திருந்தாலும், சர்க்கரை இருந்தாலும் பரவாயில்லை. இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட வேண்டும், காற்றில் காய்ந்துவிடும் என்பதால். இழவு வீட்டில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதுதான் எங்கள் நடைப்பயணத்தின் வேலை என்று நான் பையன்களிடம் சொன்னேன். பனியன் அடித்த செலவில் தெருவுக்கு ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானிக் கூடுதுறை. அமாவாசைக்கு அமாவாசை, செத்தவர்களுக்குச் சோறு கொடுக்கக் கூட்டம் நிற்கும். கண்ணை எடுத்தால் அடுத்த பிறப்பில் குருடாகப் பிறப்பான் என்ற பயம் அந்தப் படித்துறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடநம்பிக்கை என்று தட்டிவிடுவது சுலபம். ஆனால் உடம்பு முழுசாகப் போய்ச் சேரட்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இருப்பது பாசம். அதைக் கேலி செய்துவிட்டு அந்த வீட்டில் ஒன்றும் கேட்க முடியாது. அந்தக் கண்ணோடுதான் அவர் எரியப் போகிறார், அஸ்தி இதே ஆற்றில்தான் கரையப் போகிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு பண்டாரம் திதி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வார். ஒரு டாக்டர் சொல்லி ஏறாதது அவர் சொல்லி ஏறுகிறது.

ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாதே. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் பேச்செடுத்தேன். எனக்கு ஒன்று ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடு என்றேன். வாயை அலம்பிவிட்டு வா என்று முதலில் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார்.

"எத்தனை மணிக்கு உடம்பக் குடுப்பாங்க? பொழுது இறங்கறதுக்குள்ள எடுக்கோணும்ல."

விபத்து என்றால் எப்படியும் போஸ்ட்மார்ட்டம் உண்டு, அதோடு சேர்த்துச் செய்துவிடுவார்கள், ஆனாலும் நேரம் ஆகும் என்றேன்.

"முகத்தைத் திறந்து காட்டலாமா? உங்க மாமன் கோடித்துணி போடோணும்."

தைத்துத்தான் கொடுப்பார்கள், முகத்துக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"யாருக்கு வெச்சாங்கன்னு நமக்குச் சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள், அது ரகசியம் என்றேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நெஞ்சை வாங்குனவன் வீடு எதுன்னு தெரியாதுன்னா எப்படிடா" என்றார்.

அப்படியென்றால் வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன்.

"வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? கேக்கறதைக் கேக்கோணுமா இல்லியா. ஞாயித்துக்கிழமை உந்தங்கச்சி வர்றா, அவளையும் வெச்சுப் பேசலாம். அந்தத் தார் போடற புள்ளையையும் வரச் சொல்லு. அவகிட்டவும் எனக்குக் கேக்க வேண்டியது இருக்குது."